ஏரிக்கரை விடுமுறை

லுசேர்ண், 2013 மே 2

அன்புள்ள அண்ணி,

சுவிஸ் குடியுரிமை கிடைக்கப்போகிறது. சந்தோஷச் செய்தியாக இதை எழுதவில்லை.

ஆறு மாதமாக மகள் பவதாரணி தன் பள்ளிப் புத்தகங்களை வைத்து எனக்கு இந்த நாட்டின் மலை, ஆறு, வங்கி, வரலாறு எல்லாம் படிப்பித்தாள். நேர்முகத்துக்குப் புறப்படும்போது, "அப்பா, அங்க அரசியல் மட்டும் கதைக்காதேங்கோ" என்றாள்.

நேர்முகக் குழுவில் மூவர் இருந்தார்கள். இந்த நாட்டில் நடந்த கடைசிப் போர் எது என்று கேட்டார்கள். 1847இல் நடந்த உள்நாட்டுப் போர், ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள் என்றேன். "நூறு பேர்! இன்றைக்கும் வலிக்கிறது" என்றார் வயதானவர். நானும் துக்கமாகத் தலையாட்டினேன் அண்ணி. நான்!

பிறகு அவர் என் ஹோட்டல் முதலாளி கொடுத்த கடிதத்தைப் புரட்டினார். "ஒவ்வொரு வருடமும் மே பதினெட்டாம் திகதி விடுமுறை எடுக்கிறீர்களே, அன்றைக்கு என்ன?"

"ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் நடப்பேன்" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். இந்த நாட்டோடு நன்றாக ஒன்றிவிட்டேனாம். கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் அந்தக் கையால் சோறு அள்ள முடியவில்லை.

அந்த மே பதினெட்டில் முள்ளிவாய்க்காலில் அண்ணன் போன பிறகு, அங்கே இராணுவம் ஏற்ற விடாதென்று, அன்றைக்கு விளக்கேற்றும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். இந்த முறையும் விடுமுறை தந்திருக்கிறார்கள். விளக்கைப் பவதாரணி ஏற்றட்டும். அண்ணனின் படத்துக்கு முன்னால் நிற்க எனக்கு முகமில்லை. அவர்களிடம் சொன்னபடியே நான் ஏரிக்கரைக்குத்தான் போவேன்.

அவருடைய தம்பி