ஜெபத்துக்காக மட்டும்

நேற்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபோது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. நம் வீட்டு ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் எஸ்தர் அக்கா. "சகோதரிகளே, ஜெபத்துக்காக மட்டும் சொல்றேன், வெளிய யாருகிட்டயும் பேசாதீங்க." அந்தக் குழைவை நீ மறந்திருக்க மாட்டாய். பிறகு உன் மகளைப் பற்றிச் சொன்னார். சென்னையில் விவாகரத்து கேஸ் முடிந்துவிட்டதாம், யாரோடோ பழகுகிறாளாம், பாரத்தோடு ஜெபிக்க வேண்டுமாம். பால் பொங்கி வழிந்தது. போனைச் சுவரில் அடித்திருப்பேன். மகன் வாங்கிக் கொடுத்தது என்பதால் கட்டிலின் மேல் வீசினேன்.

இந்தக் குழு எதற்கு ஆரம்பித்தது? ஞாயிறு ஆராதனைக் கூட்டத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால்கூடப் பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாது. அதனால்தான் பாஸ்டர் ஐயா தெருவாரியாகச் சபையைப் பிரித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டில் கூடச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உன் வீட்டு முன்னறையில்தான் நம் முதல் கூட்டம். நாம் பாட்டை எடுத்தால் வெளியே கண்டக்டர் "மலையனூர், மலையனூர்" என்று கூவுவார். அமாவாசை வெள்ளி என்றால் கேட்கவே வேண்டாம், கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ் சத்தத்தில் வசனம் காதில் விழாது. "சத்தமா வாசிடி, ஆண்டவருக்கே கேக்கல" என்று என்னைக் கிண்டல் செய்வாய். வசனம் முடிந்ததும் ஒவ்வொருத்தரும் தன் பாரத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதற்காக ஜெபிப்போம். கடைசியில் நீ போடும் இஞ்சி டீ. அந்த அறையால் எனக்கு நல்லதும் நடந்தது, மறுக்க மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தபோது கேரியரில் சோறு வந்தது இவர்களிடமிருந்துதான்.

நீ உன் மகளைப் பற்றிச் சொன்னதும் ஒரு வெள்ளியில்தான். உன் முறை வந்தபோது வழக்கம்போல "சுகர் குறையணும்" என்பாய் என்று நினைத்தேன். நீ தலையைக் குனிந்தபடி, "பொண்ணு வந்துட்டா. அவன் அடிக்கிறான். அவ திரும்பிப் போக மாட்டேங்குறா, நானும் அனுப்ப மாட்டேன். அவளுக்கு தைரியம் வேணும், அதுக்கு ஜெபிங்க" என்றாய். நான் அழுதேன். குழுத் தலைவி எஸ்தர் அக்காவும் அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பொய்யாக இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள், சனிக்கிழமை, எல்லாக் குழுத் தலைவிகளும் பாஸ்டர் ஐயாவோடு உட்கார்ந்து, எந்த வீட்டில் என்ன தேவை என்று சொல்ல வேண்டும். சபையின் ஏற்பாடு அப்படி. எஸ்தர் அக்கா சொன்னார். அங்கிருந்த ஒவ்வொரு தலைவியும் அதை ஜெபக் குறிப்பு என்று தன் குழுவுக்கு எடுத்துப் போனார். அடுத்த வெள்ளிக்குள் உன் மகளுக்காக நம் செஞ்சி ஊரே ஜெபித்தது. திண்டிவனத்தில் இருந்த அவள் மாமியாருக்கும் சேதி எட்டியது. வாய்க்கு வாய் மாறியதில் "அவன் அடிக்கிறான்" வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. "திரும்பிப் போக மாட்டேங்குறா" மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஆலோசனை சொல்ல வந்தார்கள். நம் குழுப் பெண்கள், மடியில் பைபிளோடு, உன் அறையில், உன் டீயைக் குடித்துக்கொண்டு. "சகிச்சுக்கம்மா. நாங்கல்லாம் சகிக்கலையா? ஜெபத்துல அவன் மாறிடுவான்" என்றார் எஸ்தர் அக்கா. உன் மகள் கையைத் தூக்கி முழங்கைக்கு மேலிருந்த காயத்தைக் காட்டினாள். "எப்ப மாறுவான் ஆன்ட்டி?" எஸ்தர் அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் போன பிறகு உன் பக்கம் திரும்பி, "உன்கிட்டதானம்மா சொன்னேன்? ஊருகிட்டயா சொன்னேன்?" என்றாள். அந்த வாரமே சென்னைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் போன் செய்தாள். சாப்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எங்கே வேலை, எந்த ஹாஸ்டல் என்றுகூட உனக்குச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை எங்கே தூங்குகிறாள் என்று தெரியாமலே நீ போய்ச் சேர்ந்தாய்.

எனக்கு உன் மேலும் கோபம்தான். நான் சண்டைக்குக் கிளம்பியபோது கையைப் பிடித்து உட்கார வைத்தவள் நீ. "வுடுடி. ஜெபத்துக்குத்தான சொன்னாங்க." யாராவது உன்னிடம் மன்னிப்புக் கேட்டு வந்தார்களா? கேட்காதவர்களுக்கு எதற்காக அள்ளிக் கொடுத்தாய்? அதனால்தான் தாங்கள் என்ன செய்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. உன் அடக்க ஆராதனையில் எஸ்தர் அக்கா மைக்கைப் பிடித்து, "நம்ம சகோதரி எதையும் மறைக்க மாட்டாங்க, எல்லா பாரத்தையும் எங்ககிட்ட எறக்கி வச்சாங்க" என்றார். உன் மகள் முன்வரிசையில் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

நீ போன பிறகு கூட்டம் என் வீட்டுக்கு மாறிவிட்டது. நேற்று சாயங்காலம் வசனம் வாசித்து முடித்ததும் எஸ்தர் அக்கா, "காலைல அனுப்புன குறிப்புக்காக ஜெபிக்கலாம்" என்று ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு ஜெபிக்கச் சொல்லிச்சாக்கா?" என்றேன்.

"இன்னா இப்படி கேக்கற? நம்ம பொண்ணு மாதிரிதான அது?"

"சொல்லிச்சா, இல்லியா?"

"இன்னா விஷயம்னு சொல்லாம எப்படி ஜெபிக்கறது?"

"ஆண்டவருக்குத் தெரியாதா? அவ பேரு, அட்ரஸ் எல்லாம் அவருக்குத் தெரியும். பெத்தவளுக்குத்தான் கடைசி வரைக்கும் தெரியல. நீங்க ரூமுக்குள்ள கேட்டத வெளிய தூக்கினு போனதால தெரியல!"

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். "இனிமே இந்த வீட்டுல அவங்கவங்க பாரத்த மட்டும் சொல்லுங்க. சனிக்கிழமை மீட்டிங்ல கேட்டா, கூடினோம், ஜெபிச்சோம்னு சொன்னா போதும். முடியாதுன்னா வேற வீடு பாத்துக்குங்க."

அடுத்தவர் பாரத்தை எடுத்துவிட்டால் நம் குழுவில் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது என்று நேற்றுதான் தெரிந்தது. ஒருத்தர் முழங்கால் வலி என்றார். ஒருத்தர் பேரனுக்குப் பரீட்சை என்றார். அதோடு சரி. எஸ்தர் அக்கா டீ குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்று தலைவிகள் கூட்டம். என் மனக்கசப்பு நீங்கவேண்டும் என்று அடுத்த வெள்ளிக்குள் ஊர் முழுக்க ஜெபிப்பார்கள்.

அந்தக் கசப்பு நீங்கவேண்டாம். நீ இருந்தால் "வுடுடி" என்பாய். விட மாட்டேன். எனக்கு இந்தக் கோபம் இருக்கிற வரைக்கும்தான் என் வீட்டில் சொன்னது என் வீட்டுக்குள் இருக்கும்.

எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, ஒருத்தி மட்டும் டம்ளர் கழுவித் தருகிறேன் என்று தங்கினாள். இத்தனை வருஷமாக "மழை பெய்யணும்" என்பதற்கு மேல் குழுவில் எதுவும் சொல்லாதவள். "அக்கா, எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டு சொல்லி முடித்தாள். இருவரும் சமையலறையிலேயே முழங்காலிட்டோம். அவள் யார், என்ன சொன்னாள் என்று கேட்காதே. உன்னிடமும் சொல்ல மாட்டேன்.