மூன்றாம் சுற்றில் பறந்த துண்டு

மாஸ்டர்,

நேற்று ஈப்போவில் சிக்னலில் நின்றிருந்தபோது, உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று என் மோட்டாருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியும். கித்தாத் தோட்டத்தில் பிறக்காதவன் அதை மோந்தால் எங்கோ எதுவோ செத்துக் கிடக்கிறது என்று போலீசுக்குப் போன் போடுவான். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் ஊதுபத்தியை மோந்தவன்போல ஆழமாக மூச்சு இழுத்தேன். பச்சை விழுந்து, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் நினைவு வந்தது.

சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தாள் உலர்த்திய தோட்டத்துப் பழைய புகைக்கூட்டில், கோணிக்குள் கட்டிப்பாலைத் திணித்து உத்திரத்தில் தொங்கவிட்டு அதைத்தான் குத்தச் சொன்னீர்கள். மற்ற ஊர்க்காரனெல்லாம் தோல் பையைக் குத்திப் பழகினான். நாங்கள் குத்தக் குத்த எங்கள் பை நாறியது. "எதிராளி வாசத்துலயே விழுந்துருவான், நீ குத்தவே வேணாம்லா" என்பீர்கள். நான் சிரிப்பேன். அந்த நாளில் நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பினேன். சந்தேகப்படும் புத்தி எனக்கு வந்ததே உங்களால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வேறு எங்கே போக முடியும் நான்? எழுபதுகளின் நடுவில், ஈப்போ மண்டபத்தில், மாநிலக் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. எதிரே சித்தியவான் ஊர்க்காரன் ஒருவன். அவனும் நம் ஆள்தான். என்னைவிட இளையவன், என்னைவிட அழகன். இந்த இரண்டாவதை என் மூக்கைப் பார்த்த யாரும் சொல்லிவிடலாம். முதல் சுற்று எனக்கு. இரண்டாவதில் அவன் என் புருவத்தைக் கிழித்துவிட்டான். மூன்றாவதில் என் இடது கை அவன் தாடையில் உட்கார்ந்தது. அவன் கால் தள்ளாடியது. இது என் கணக்கு. என் கண்ணில் அப்போது ரத்தம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் எதையோ மறைத்தேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது.

அப்போதுதான் உங்கள் துண்டு பறந்தது.

நம் சனத்துக்கு அது புதிதில்லை. தோட்டத்துக் கபடியில் எதிர் அணிக்காரனை நம் பையன் அமுக்கினால் துண்டுகள் மேலே போகும். திருவிழாவில் போகும். எஜமான் போனஸ் அறிவித்தபோதுகூடப் போனது. எல்லாரும் போட்ட துண்டை எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த மண்டபத்தில், வளையத்துக்கு மேலே, கிணற்று மூடி அளவுக்கு ஒரு மின்விசிறி. உங்கள் துண்டு அதன் காற்றில் சிக்கி, மிதந்து, சரியாக என் காலடியில் வந்து படுத்தது. நடுவர் பினாங்கிலிருந்து வந்த சீனப் பெரியவர். சட்டம் தெரிந்தவர், நம் சனத்தைத் தெரியாதவர். பயிற்சியாளர் துண்டைப் போட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். சண்டையை நிறுத்தினார். சித்தியவான்காரனின் கையை உயர்த்தினார். அவன் முகத்தில் என்னைவிட அதிகத் திகைப்பு.

நான் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் கல்லாக நின்றிருந்தீர்கள். "சந்தோஷத்துல போட்டேன்யா!" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். "பையன் கண்ணு போயிரும்னு போட்டேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். லாரியில் ஊர் திரும்பும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

தேத்தண்ணி விற்கும் ஒட்டுக்கடையில் நம் ஊர் மூன்று கட்சியாகப் பிரிந்தது. சந்தோஷத்தில் போட்டார் என்றது ஒரு கட்சி. பையனைக் காப்பாற்றப் போட்டார் என்றது இன்னொன்று. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்ற மூன்றாவது கட்சிக்கு ஆரம்பத்தில் ஆள் குறைவு. நாலைந்து மாதத்தில் உங்கள் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் உங்கள் மகள். மணமகன் சித்தியவான்காரன். அன்று மாலையே மூன்றாவது கட்சிக்கு உட்கார நாற்காலி இல்லை. நான் நின்றுகொண்டே சேர்ந்தேன்.

எனக்கு உங்கள் மகள்மேல் ஒரு கண் இருந்ததால்தான் இந்த எரிச்சல் என்று கடைக்கார அக்கா வதந்தி கிளப்பியது. பொய். அந்தப் பெண்ணை நான் சரியாகப் பார்த்ததே கொஞ்ச தடவைதான். ஒவ்வொரு தடவையும் அது என் மூக்கைப் பார்த்துச் சிரித்தது.

பத்திரிகை வந்த மறுநாள் புகைக்கூட்டுக்கு வந்தேன். நீங்கள் கோணியைத் தைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாஸ்டர், துண்டு எதுக்குப் போட்டீங்க?"

"போட்டேன். விழுந்துருச்சு."

"அதான், எதுக்கு?"

"நீ என்னா நெனைக்கிற?"

"மாப்பிள்ளைக்குச் சீரு குடுத்துட்டீங்கன்னு ஊரே பேசுது."

"ஊரு பேசட்டும்லா. நீ என்னா நெனைக்கிற?"

"நானும் ஊருலதானே இருக்கேன்."

கேள்விக்குக் கேள்வியைப் பதிலாகக் கொடுப்பவனை நான் இன்றும் நம்புவதில்லை. நீங்கள் ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"சரி, போ. யாருகிட்டப் போனாலும் எடது கைய மட்டும் கீழ எறக்காத."

போனேன். ஈப்போவில் விசில் ஊதிப் பயிற்சி கொடுக்கும் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தேன். அவர் என்னை மனிதன் என்பதைவிட ரயில் என்றே நினைத்தார். சில சண்டைகளோடு கையுறையைக் கழற்றினேன். இப்போது மோட்டார் சாமான் கடையில் வேலை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பிரேக்கைக்கூட நம்பாமல் மூன்று முறை திருப்பிப் பார்க்கிற ஆள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் நீங்கள் என்று முதலாளிக்குத் தெரியாது.

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி வந்தபோது நான் முதலில் யோசித்தது, பதிலைச் சொல்லாமலே தப்பித்துவிட்டாரே என்றுதான். உங்கள் வீட்டுக்கு வந்தேன். எதையோ கண்டுபிடிக்கப் போகிறவன்போல வந்தேன். கொட்டகையில் உங்கள் மாப்பிள்ளை எனக்கு நாற்காலி போட்டான். தொப்பை வைத்துவிட்டான், மாஸ்டர். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"அண்ணே, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கவா?" என்றான். "அன்னிக்கு நான் ஜெயிச்சேனா?"

"பேப்பர்லயே போட்டானே."

"பேப்பர விடுங்கலா. எங்க ஊருல என்னைத் துண்டு சேம்பியன்னுதான் கூப்புடுறானுங்க. பொண்ணோட கோப்பையும் சேத்துக் குடுத்த மாமனாருன்னு கிண்டல் வேற."

"அவருகிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேக்காமயா? அதக் கேக்கத்தானே மொதல்ல இந்த வீட்டுக்கே வந்தேன். தேத்தண்ணி குடின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தேத்தண்ணி கொண்டாந்தது யாருன்னு நெனைக்கிறீங்க?"

உள்ளே அழுதுகொண்டிருந்த உங்கள் மகளின் பக்கம் தலையைக் காட்டினான். துண்டு விழுந்த பிறகுதான் பெண்ணையே பார்த்திருக்கிறான். மூன்றாவது கட்சி அந்த இடத்திலேயே கலைந்தது. தலைவர், செயலாளர், தொண்டன் எல்லாம் நான் ஒருத்தனே மிச்சமிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்றாம் சுற்றில் என் முதுகு உங்கள் பக்கம் இருந்தது. அவன் முகம் உங்கள் பக்கம்.

"துண்டு போட்டப்போ அவரு மொகம் எப்படி இருந்துச்சு?"

தன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். "வாயெல்லாம் பல்லுண்ணே. நீங்க எனக்குப் போட்ட குத்துக்கு அவரு குதிச்சாரு. துண்டு கீழ விழுந்தப்புறம்தான் மொகம் அப்படியே செத்துப்போச்சு."

"இத இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா நான் தோத்தவனாயிருவேனேண்ணே."

நான் வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் அதற்காகத்தான் மூடிக்கொண்டீர்களா? சந்தோஷத்தில் போட்டேன் என்றால் அவன் கோப்பை ஓட்டை. காப்பாற்றப் போட்டேன் என்றால் நான் அடிபட்டுத் தோற்றவன். எதுவும் சொல்லாவிட்டால் இருவருக்கும் மானம் மிச்சம், திருட்டுப் பட்டம் உங்களுக்கு. இப்படி நினைத்தால் நீங்கள் மகானாகிவிடுவீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பேராக் மாநிலம் முழுதும் சிரிக்குமே என்று வெட்கப்பட்டு வாயடைத்தும் இருக்கலாம். அதுவும் உங்கள் சுபாவம்தான். மாப்பிள்ளை சாவு வீட்டில் எனக்கு ஆறுதலுக்காக ஒன்றைக் கட்டிவிட்டானோ என்றும் பார்த்தேன். ஆனால் தன் கோப்பையைத் தானே உடைத்து ஆறுதல் சொல்கிறவனை இதுவரை நான் கண்டதில்லை.

உங்கள் பெட்டியைத் தூக்க ஆள் பிரித்தபோது, உயரம் பார்த்துப் பார்த்து நிறுத்தினார்கள். முன்பக்கம் ஒருபுறம் அவன், மறுபுறம் நான். ஒரே எடைப் பிரிவில் மோதியவர்கள் வேறெப்படி அமைவோம்? சாலையில் நின்ற வேன் தூரம். மண் பாதை மழையில் குழைந்திருந்தது. பாதி வழியில் என் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணே, முடியலன்னா சொல்லுங்க. ஆள மாத்திக்கலாம்."

"வேணாம்லா," என்றேன். "எனக்காக யாரும் நிறுத்த வேணாம்."

வேன்வரை தோள் மாற்றவில்லை. அன்றிலிருந்து என் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வலி கழுத்தடியில், கொஞ்சம் இடப்பக்கமாக. வயசாகிவிட்டது என்கிறாள். கடை முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். நான் போகவில்லை. நான் ஜெயிக்கிறேன் என்று ஒரு கணம் குதித்த ஒரே மனிதரின் கனம் அது. யாரோ சொன்னார் என்பதற்காக இதையும் இறக்கி வைக்க எனக்கு மனமில்லை, மாஸ்டர்.