உன் கிட்டாரை விற்கவில்லை

ராயபுரம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் சில்வியாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ போனில் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன், மீதிக்காகச் செபிக்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் இதை எழுதுகிறேன், முழுவதும் படி.

உன் கிட்டாரை நான் விற்கவில்லை. கோயில் பாடகர் குழுவுக்கு அதை எடுத்துப்போன அம்புரோஸ் மாமா, கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்பில் ஒன்று செத்துவிட்டது என்று கல்மண்டபத்தில் மைக்செட் பழுது பார்க்கும் தேசப்பனிடம் கொடுத்து, வேறு கம்பெனிப் பிக்கப்பை மாட்டிக்கொண்டு வந்தான். தனித்தனியாக வாசித்தால் இரண்டு பிக்கப்பும் நன்றாகத்தான் கேட்டன, சேர்த்துப் போட்டால் மட்டும் கனம் போய்த் தகரத்தில் தட்டியது போல. நான் போய்க் கேட்டதற்கு அந்த ஆள், கட்ட உப்புக்காத்துல ஊறிப் பூட்ச்சு டீச்சர், இனிமே இன்னா பண்ணாலும் தேறாது, வோணும்னா நானே எடுத்துக்கிறேன் என்கிறார். மரம் கெட்டிருந்தால் தனியாக வாசிக்கும்போது மட்டும் எப்படி நன்றாக இருக்கும் என்றேன். ஒயரைச் சரிபார்த்தீர்களா என்றதற்கு, கறுப்புன்னா எர்த்து தான், இதுல பாக்க இன்னா கீது என்றார். மாமா அதையும் நம்பினான். அதுகூடப் போகட்டும். வித்துடும்மா, உனக்கு இதெல்லாம் புரியாது என்று நீ சொன்னாய் பார், அதுதான் இன்னும் ஆறவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் கம்பிச்சுருளும் காந்தமும் நடத்துகிறவளுக்குப் புரியாதாம். பிக்கப் என்பது வேறு என்ன?

நேற்று நானே மூடியைக் கழற்றினேன். பழைய முள் மீட்டரை ஒவ்வொரு பிக்கப்பிலும் கோத்து, காந்தத்தில் ஸ்குரூ டிரைவரை ஒட்டவிட்டு வெடுக்கென்று இழுத்தேன். பழையதற்கு முள் வலப்பக்கம் துள்ளியது, புதியதற்கு இடப்பக்கம். ஒன்று கூட்டியதை மற்றது கழித்திருக்கிறது. ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எல்லாவற்றிலும் கறுப்புதான் எர்த் என்று நினைத்தால் இப்படித்தான். புதியதன் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன், கால் மணி நேர வேலை. அப்பா தப்பும் தவறுமாக ஒரு தடவை வருடினார், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இன்று பூசை முடிந்ததும் தேசப்பன் கடைக்கே கொண்டுபோய் மாமாவை வாசிக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, கட்ட காஞ்சிட்ச்சு போல டீச்சர் என்கிறார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மன்னிப்பெல்லாம் எழுதாதே. டப்ளின் போனதிலிருந்து நீ எதையும் வாசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், விற்கச் சொன்னதும் அதனால்தான். விற்கத்தான் வேண்டுமென்றால் நேரில் வா. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டு ஒரு பாட்டு வாசி. பிறகும் அதையே சொன்னால் நானே ஆள் பார்க்கிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். காதை மூடாமல் குளிரில் போகாதே.

உன் அம்மா,
ஃப்ளோரன்ஸ்