பிறந்தநாளுக்கு நான் மட்டும்

என் வீட்டு மகாராணிக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையிடம் காட்டி இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளுங்கள்.

"உனக்கு அம்பது வயசாகப் போகுது, கடற்கரை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேம்மா" என்று போன மாதம் நீ சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடலை நான் படத்தில்தானே பார்த்திருக்கிறேன்! லாண்டரியில் என்கூட வேலை செய்கிறவளிடம், "ஏன்டி, நைட்டியோட கடல்ல இறங்கினா விரட்டிருவாங்களா?" என்று கேட்டேன். "உன்னைப் பார்த்தா கடலே உள்ள போயிரும்க்கா" என்றாள்.

முந்தாநாள் பேசி முடித்ததும் நீ போனை அணைக்க மறந்துவிட்டாய், தங்கம். "பாப்பாவை அம்மாகிட்ட ரூம்ல விட்டுட்டு நாம நிம்மதியா சுத்தலாம். அவங்களுக்குக் கடலெல்லாம் எதுக்கு? டிவி இருந்தா போதும்" என்றாய். மாப்பிள்ளை சிரித்தார்.

என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. யாருடைய சட்டையோ கருகிவிட்டது. தூங்கிவிட்டேன் என்று முதலாளியம்மாவிடம் பொய் சொன்னேன்.

அதனால் பிறந்தநாளுக்கு நான் தனியாகவே போகிறேன். அந்த ஊர் லாட்ஜுக்குப் போன் பண்ணி ரூமும் சொல்லிவிட்டேன். "கூட யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டார்கள். "நான் வர்றேனே, பத்தாதா?" என்றேன்.

நீங்கள் போகும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைத் தேடிக்கொள். நல்லவளாகப் பார். ஒரு மணி நேரமாவது அவளையும் கடலைப் பார்க்க விடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்