எங்கள் வீட்டில் யாரும் பிடிக்காத சிகரெட்

அனுப்புநர்:
துறைமுகக் கிரேன் ஓட்டுநரின் மனைவி,
பள்ளி வேதியியல் ஆய்வக உதவியாளர்.
(பெயர், முகவரி, கருவியின் வரிசை எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
மருத்துவக் கருவிகள் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் கருவிகள் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: வேறொருவர் பயன்படுத்திய மூச்சுக் கருவியைப் புதியது என்று விற்று, அதிலிருந்து வந்த சிகரெட் வாடைக்கு என் கணவரைக் குற்றவாளியாக்கிய சர்வீஸ் அறிக்கையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கருவி வாங்கிய ரசீது, மே 12. 2. சர்வீஸ் அறிக்கை, ஜூன் 23. 3. கருவித் திரையின் புகைப்படம், ஜூலை 12.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இம்மனுவைப் பணிவோடுதான் தொடங்குகிறேன். கடைசிவரை அந்தப் பணிவு தாங்குமா என்று எனக்கே தெரியவில்லை. தாங்காத இடங்களைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. என் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருவதாகப் பரிசோதனையில் தெரிந்தது. மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி, மூச்சுக்குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் கருவியை மாட்டிக்கொண்டு தூங்கினால்தான் கிரேனில் ஏறலாம் என்று துறைமுக மருத்துவப் பிரிவு சொல்லிவிட்டது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அரைத்தூக்கத்தில் இருப்பவர் மற்றவர்கள் தலைக்கு மேலே இருபது டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

2. மே 12 அன்று கருவியை முத்திரை பிரிக்காத அட்டைப்பெட்டியில் தந்தார்கள். முதல் வாரமே வாடை. கருவி ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மாஸ்க் பக்கமாக வரும். கருவியை விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், “புதுசுன்னா அப்படித்தான் மேடம், பிளாஸ்டிக் வாடை. ரெண்டு நாள் சும்மா ஓட விடுங்க, போயிடும்” என்றார். ஜன்னலோரம் வைத்து இரண்டு நாள் ஓடவிட்டேன். போகவில்லை. காற்றை ஈரமாக்க உள்ளே இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கும் என்றார். வாசனையில்லாத சோப்பில் கழுவினேன், வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன், டியூபை நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்தேன். குழாய்த் தண்ணீரா ஊற்றுகிறீர்கள் என்றார். காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்றினேன். அதையும் கடையில்தான் வாங்கினேன், பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன். ஃபில்டரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள் என்றார், படுக்கையறை மூலைக்கு மாற்றினேன். ஒரு வாரம் வீட்டில் எண்ணெய் காயவிடவில்லை. கடைசியில், என் மூக்கை டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

3. அந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு ஆண்டுகளாக வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அம்மோனியா புட்டியின் மூடி சரியாக மூடப்படவில்லை என்றால் வராண்டாவிலிருந்தே சொல்லிவிடுவேன். புதுப் பிளாஸ்டிக் வாடை எது, பாசி வாடை எது, மோட்டார் சூடேறிய வாடை எது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கருவியிலிருந்து வந்தது ஊறிப்போன சிகரெட் வாடை. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

4. என் கணவர் சிகரெட்டை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியில் மிச்சமிருந்த நான்கையும் என் கையில் கொடுத்து வாளித் தண்ணீரில் போடச் சொன்னார். அதோடு சரி. விட்டவர் சும்மாவும் இருக்கவில்லை. வேலையிடத்தில் யார் பற்றவைத்தாலும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அணைக்கும்வரை நகரமாட்டார். அதனால் துறைமுகத்தில் அவருக்கு ‘ஃபயர் சர்வீஸ்’ என்று பெயர். அப்படிப்பட்டவர் மாட்டும் கருவியில் சிகரெட் வாடை வந்தால் மனைவி என்ன நினைப்பாள்? நானும் அதைத்தான் நினைத்தேன். அவர் வேலை முடிந்து வந்ததும், துவைக்கப் போடுவதுபோல் சட்டையை வாங்கி முகர்ந்தேன். சாப்பாட்டுப் பையைக் குடைந்தேன். ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததையும் அவருடைய சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொண்டேன். “சத்தியமா நான் தொடல” என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

5. ஜூன் 23 மாலை சர்வீஸ்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பெரிய கருவிப் பை. அந்தப் பையைக் கடைசிவரை திறக்கவே இல்லை. மாஸ்க்கை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, என் கணவரும் பள்ளிக் கடைசி ஆண்டு படிக்கும் மகளும் உட்கார்ந்திருக்கும்போதே, “சார் வெளியில சிகரெட் குடிச்சிட்டு வந்து இதை மாட்டிக்கிறாரு. அந்தப் புகைய மெஷின் இழுத்து வெச்சுக்குது. எங்க மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல சிஸ்டர்” என்றார்.

அய்யா, அது அறையின் காற்றை எடுத்து மாஸ்க் பக்கம் தள்ளும் கருவி. விட்ட மூச்சு மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியே போய்விடும். திரும்பிக் கருவிக்குள் போகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டாலும் விளக்கிச் சொல்லியிருப்பேன். அன்று எனக்கு அது தோன்றவில்லை. ஒரு மாதமாக நான் மனதில் வைத்துக் குமுறியதை இன்னொருவர் வாயால் கேட்டதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அறிக்கையில் அவர் எழுதியது: ‘கருவியில் பழுதில்லை. பயன்படுத்துபவர் புகைபிடிப்பவர்.’ ‘கருவி ஓடிய நேரம்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். அடியில் ‘குடும்பத்தினர் கையொப்பம்’ என்று ஓர் இடம் இருந்தது. அவருடைய பேனா எழுதவில்லை. என் கணவரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை நானே எடுத்து, அங்கே கையெழுத்துப் போட்டேன். என் கணவர் பேனாவைத் திரும்ப வாங்கிப் பையில் குத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

6. மருத்துவப் பிரிவின் சிபாரிசில் வாங்கிய கருவி என்பதால் அறிக்கையின் நகல் நேராக அங்கே போயிற்று. ஆண்டுதோறும் தரும் உறுதிமொழியில் ‘புகைபிடிப்பதில்லை’ என்று எழுதியவர் பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மனைவியே கையெழுத்துப் போட்ட பிறகு யார்தான் அவரை நம்புவார்கள்? கிரேனிலிருந்து இறக்கி, வாயிலறையில் லாரி எண் குறிக்க உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் வந்து நின்றால் சிகரெட்டை மிதித்து அணைத்த அதே ஆட்கள் இப்போது, “ஃபயர் சர்வீஸே பத்திக்கிச்சாம்ல” என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, அங்கே வேலை பார்க்கும் என் தம்பி சொன்னான். கருவி மாட்டுவதையும் அவர் நிறுத்திவிட்டார். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குகிறார். பகலில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன்னாலேயே கண் சொக்குகிறது. ஆகஸ்ட் 11 அன்று மருத்துவக் குழு அவரை மீண்டும் பார்க்கும். அன்றும் அறிக்கையில் அந்த வரி அப்படியே இருந்தால் இனி எந்தக் காலத்திலும் அவர் கிரேனில் ஏற முடியாது.

7. ஜூலை முதல் வாரம் அவருடைய அக்காவுக்கு அறுவை சிகிச்சை. துணைக்குப் போனவர் ஒன்பது நாள் அங்கேயே இருந்தார். அவர் திரும்பி வரும்போது கருவி சுத்தமாக இருக்கட்டும், மறுபடியும் சண்டை வேண்டாம் என்று புது மாஸ்க், புது டியூப், புது ஃபில்டர் வாங்கி மாட்டினேன். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றியே வைத்துவிட்டேன். ஜூலை 12, விடுமுறை நாள், காலை பத்து மணி. கருவியை ஓடவிட்டேன். பத்தாவது நிமிடம் அதே வாடை. வீட்டில் நானும் மகளும் மட்டும். நான் குற்றம் சாட்டியவர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கருவியின் கையேட்டைப் புரட்டி, அதில் சொன்னபடி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். கருவி இதுவரை ஓடிய நேரம் திரையில் வந்தது: 7,316 மணி. வாங்கி அறுபத்தொரு நாள். ஒரு நொடி நிறுத்தாமல் ஓடியிருந்தாலும் 1,464 மணிதான் வரும். யாரோ ஒருவர், எங்களுக்கு முகம் தெரியாதவர், இரண்டு ஆண்டுக்கு மேல் இந்தக் கருவியோடு தூங்கியிருக்கிறார். அவருடைய அறையின் சிகரெட் புகையெல்லாம் இதன் வயிற்றுக்குள் ஊறிக் கிடந்திருக்கிறது. அதை வெளியே துடைத்து, புது அட்டைப்பெட்டியில் வைத்து, மூச்சு நின்று போகிற ஒரு மனிதரின் முகத்தில் மாட்டச் சொல்லி விற்றிருக்கிறார்கள். சர்வீஸ்காரர் கோடு இழுத்த கட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய எண் இதுதான். அதே இரண்டு பொத்தான்களை அன்று அவர் அழுத்தியிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது.

8. மறுநாளே நிறுவனத்துக்குப் போனேன். புகைப்படத்தைப் பார்த்த மேலாளர், “டெஸ்டிங்ல ஓடினதா இருக்கும் மேடம்” என்றார். அப்படியானால் குறைந்தது எட்டு மாதம் இரவும் பகலும் நிறுத்தாமல் சோதித்திருக்கிறார்கள். இத்தனை சோதித்தவர்களுக்கு அந்த வாடை மட்டும் எட்டவில்லை. கணக்கை நான் போட்டுக் காட்டியதும் குரல் இறங்கியது. “மெஷினக் குடுத்துட்டு வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ரிப்போர்ட்ட மட்டும் கிளறாதீங்க. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றார். நான் கருவியைக் கொடுக்கவில்லை. இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் கட்டி, மேலே தேதி எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

9. என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். “சரி, விடு” என்றார். மருத்துவமனையில் கேட்டு இரவலாக ஒரு கருவி வாங்கி வந்தேன். அதைப் பெட்டியைவிட்டு எடுக்க மாட்டேன் என்கிறார். “அதுலயும் வாடை வந்தா, நீ என்னைத்தான கேப்ப?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, அவர் நாற்காலியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார்.

10. ஆகவே, பீரோவில் உள்ள கருவியைத் தாங்கள் கைப்பற்றி, தங்கள் முன்னிலையில் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் புதியது என்று விற்ற மற்ற கருவிகளின் ஓடிய நேரத்தையும் பார்க்க உத்தரவிட வேண்டும். எங்களைப்போல் இன்னும் எத்தனை வீடுகளில் யார் யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. எல்லாவற்றுக்கும் முதலாக, ‘பயன்படுத்துபவர் புகைபிடிப்பவர்’ என்ற வரி பொய் என்று ஆகஸ்ட் 11-க்குள் மருத்துவப் பிரிவுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். எனக்குப் புதுக் கருவியும் வேண்டாம், நஷ்ட ஈடும் வேண்டாம். அந்த ஒரு வரி போக வேண்டும். அதன் கீழே உள்ள என் கையொப்பத்தை இம்மனுவின் மூலம் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலில் முத்திரை இருந்தால் உதவியாக இருக்கும். மருத்துவக் குழுவுக்காக மட்டும் கேட்கவில்லை. அவர் இனி என் வார்த்தையை நம்பி அந்த மாஸ்க்கை மாட்டமாட்டார். தங்களுடைய தாளைக் காட்டினால் ஒருவேளை மாட்டுவார்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஃபயர் சர்வீஸின் மனைவி

இடம்: பள்ளி ஆய்வகம், மதிய இடைவேளை
நாள்: ஜூலை 29

இணைப்பு: பார்வையில் கண்ட மூன்றும், பெயர் முகவரித் தாளும்.

நகல்:
1. துறைமுக மருத்துவப் பிரிவு.
2. மேற்படி நிறுவனத்தின் மேலாளர்.
3. என் கணவர், துறைமுக வாயிலறை. (தபாலில் அல்ல. வேலை நேரத்தில் நானே போய், சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது, உரக்கப் படித்துவிட்டு அவர் கையில் தருவேன்.)