சகானாவின் நடுவே ஒரு சொல்

மேசையில் இன்னும் வினாகிரி மணம் நிற்கிறது. வெள்ளிக்கிழமை தகரப் பேணியின் மூடியைத் திறந்தபோது, யாரோ அச்சாறு போட்டு வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். உள்ளே இருந்தது ஒலிநாடாச் சுருள். நாடா பழுதாகத் தொடங்கினால் இப்படித்தான் மணக்குமாம். சிவகுரு மாஸ்டர் சொன்னார். சுன்னாகத்திலிருந்து அந்தப் பேணியையும் தன் பழைய ஒலிப்பதிவுப் பெட்டியையும் காரில் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான்.

"முழுக்கப் பழுதாகிறதுக்கு முன்னம் கசெற்றுக்கு மாத்திப்போடவேணும், ரீச்சர். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கிறன். அவ நடுவிலை 'இது' எண்டு சத்தம் போட்ட இடத்தை வெட்டி ஒட்டிவிடுறன். ஒரு கீறும் தெரியாது. உங்களுக்கும் அதுதானே விருப்பம்?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். பதினாறு வருடங்களாக உம்முடைய அந்தச் சத்தத்தைக் குறை சொல்லி வந்தவள் நான்தான். நீர் கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன்.

நான் மாற்றலாகி வந்த முதல் வாரம், அம்மாவுக்குத் தந்தி கொடுக்கத் தபால் கந்தோருக்கு வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நீர் பென்சிலால் சொற்களை எண்ணியபடி ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தீர். முன்பின் தெரியாதவர்களோடு வலியப் பேசுகிறவள் அல்ல நான். அன்று ஏனோ கேட்டுவிட்டேன். "பைரவியோ?"

நீர் நிமிர்ந்து பார்த்தீர். "பாதி பைரவி, ரீச்சர். மற்றப் பாதி பசி. பன்னிரண்டு மணியாகுது." பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினீர். "உதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

அடுத்த மாதமே, வடமராட்சிக் கரையிலிருந்த உம்முடைய வீட்டுக்குக் கூட்டிப்போனீர். உம்முடைய ஐயா தோணியில் அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போய்வரும் காலத்தில் வாங்கிவந்த இசைத்தட்டுகள், பெட்டகத்தில் மடித்துவைத்த சாரங்களுக்கு நடுவே அடுக்கியிருந்தன. ஒன்றைச் சுழலவிட்டீர். ஓரிடம் வந்ததும் விரலை உயர்த்தி, "இது! இதைக் கேளும்" என்று ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தீர். மறுபடி அதே இடம். மறுபடி "இது!" நாலாவது தடவை நான் பொறுக்கமாட்டாமல், "தட்டுத் தேயப்போகுது" என்றேன்.

"தேயட்டும். பெட்டகத்திலை படுத்துக்கிடக்கவோ ஐயா இதைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்?"

எனக்குப் பிடித்த ஒன்றை நான் பூட்டி வைப்பேன். உமக்குப் பிடித்தது இன்னொருவர் காதில் விழும்வரை உமக்கு இருப்புக்கொள்ளாது. நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஒருவர், முத்திரை வாங்க வந்த இடத்தில் நாதஸ்வரம் பற்றி ஏதோ சொன்னார் என்று அரிய தட்டு ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினீர். ஒரு மாதத்தின் பின் அது ஒரு கதலிக் குலையோடு திரும்பி வந்தது. தட்டின் ஓரத்தில் வாழைக் கயர் கறையாக ஒட்டியிருந்தது. மாஸ்டர் தலையில் கைவைத்தார். "அவர் கேட்டிருக்கிறார் எண்டதுக்கு அதுதான் அத்தாட்சி" என்றீர். கயரைத் துடைக்கவும் விடவில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் நாம் மூவரும் மாஸ்டர் வீட்டு முன்னறையில் கூடினோம். அங்கேதான் மின்சாரமும் ஒலிப்பதிவுப் பெட்டியும் இருந்தன. நான் கொப்பியும் பேனையுமாக வருவேன். பாடகர் பாடப்பாட ஸ்வரங்களை எழுதிக்கொண்டே போவேன். ராகம் மனதை உருக்கும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. தாவரவியல் படித்தவள் நான்; இலை அழகு என்று சொல்வதற்கு முன் அதன் நரம்பை எண்ணவேண்டும் என்று பழக்கப்பட்டவள்.

"இந்த ராகம் சோகம், இது கருணை எண்டு சின்னனிலையிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கினால் கண்ணீர் வரத்தான் செய்யும்" என்பேன்.

"உமக்கு வந்திருக்கோ?"

"இல்லை."

"எப்பிடி வரும்? நீர் காதாலை கேக்கிறேல்லை. பேனையாலை கேக்கிறீர்."

மாஸ்டர் சிரித்துச் சிரித்து இருமுவார். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ளமாட்டேன்.

அந்த ஞாயிறு அக்கரை வானொலியில் சகானா வந்தது. காற்று நல்ல பக்கமாக வீசியதோ என்னவோ, இரைச்சலே இல்லை. மாஸ்டர் மைக்கை றேடியோவின் முன்னால் புத்தகங்களை அடுக்கி நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் மூச்சுச் சத்தமாக விடக்கூடாது. மைக்குக்குக் கதவு திறப்பதும் கேட்கும், பேணியில் கரண்டி படுவதும் கேட்கும். பாடகர் அவசரமே இல்லாமல் ராகத்தை விரித்துக்கொண்டு போனார். நான் எழுதினேன். ரிஷபத்தில் வந்து இறங்கி அங்கேயே நெடுநேரம் நின்ற அந்த இடத்தில், தெளிவாக, மைக்குக்கு எட்டும்படி உம்முடைய குரல் எழுந்தது. ஒரே ஒரு சொல்.

மாஸ்டர் பதறி மைக்கைப் பார்த்தார். நீர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டீர். பதிவு முடிந்து சுருள் நின்றதும், மாஸ்டரின் மனைவி தேநீரோடு வந்து நிற்கிறார் என்பதையும் பார்க்காமல் நான் சொன்னேன். "உமக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ? உம்மாலை என்ரை எழுத்தும் குழம்பிப்போச்சு."

பஸ்ஸுக்கு நடக்கும்போது நீர் சொன்னீர்: "நான் பாட்டைச் சொல்லேல்லை."

"பின்னை?"

நீர் என்னை ஒருமுறை பார்த்தீர். பஸ் வந்துவிட்டது. நான் அதைத் தப்பிக்கச் சொன்ன சாட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நீர் ஒரு கைலேஞ்சி கொண்டுவந்து, பதிவு தொடங்கியதும் அதை மடித்து வாயில் வைத்துக்கொண்டீர். பகிடி என்று நினைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பாட்டுக்கும், இசைத்தட்டுக்குக்கூட, உம்முடைய விரல் உயரவில்லை. 'இது' என்ற சத்தம் எங்கள் ஞாயிறுகளில் இல்லாமற்போயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு மாஸ்டர் அந்த நாடாவைப் போட்டுக் காட்டுவார். அந்த இடம் வரும்போது எல்லோரும் சிரிப்பார்கள், சிரிப்பில் சொல் முழுகிப்போகும், நீர் தலையைக் குனிந்து கும்பிடுவீர். "அதாலைதான் என்ரை கொப்பியிலை பாதி இல்லை" என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

நேற்றுப் பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு நாடாவைப் போட்டேன். தனியாக அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. பழைய கொப்பியையும் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, பாட்டோடு விரலை ஓட்டிக்கொண்டு போனேன். என் எழுத்து கடைசி வரியில் 'ப ம க ம' என்பதோடு நிற்கிறது. அடுத்து வரவேண்டிய ரிஷபம், அந்த 'ரி', இல்லை. கீழே வெறும் தாள்.

அந்த 'ரி' வந்தது. பாடகர் அதில் நின்றார். உம்முடைய குரல் இன்னும் வரவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நொடிகள் கழித்துத்தான் நீர் பேசினீர். உம்மால் என் எழுத்து நின்றது என்று பதினாறு வருடம் சொன்னது பொய். நீர் வாய் திறப்பதற்கு முன்பே என் பேனை நின்றுவிட்டது.

நீர் சொன்ன சொல்லும் 'இது' அல்ல. நாடாவை மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன், தேயட்டும் என்று. நீர் சொன்னது "உது."

நீர் எப்போதும் 'இது' என்பதால் அன்றும் அதையே சொன்னீர் என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கையெழுத்துப் போடும்படி என் பக்கம் தள்ளிய படிவத்தை 'உது' என்றவர் நீர். எங்கள் பேச்சில் இது என்றால் சொல்பவரிடம் இருப்பது, அது என்றால் எட்டத்தில் இருப்பது, உது என்றால் கேட்பவரிடம் இருப்பது. நீர் றேடியோவைப் பார்த்துச் சொல்லவில்லை. நின்றுபோன என் பேனையையும், என் முகத்தையும் பார்த்துச் சொன்னீர். அன்று என் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்கும் தெரியும். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது.

இன்று காலை மாஸ்டர் வந்து, கத்தரிக்கோலையும் ஒட்டுத்தாளையும் மேசையில் வைத்தார்.

"வெட்டவேண்டாம், மாஸ்டர்."

"ஏன்? அவ 'இது' எண்டு சொல்லுற இடம்..."

"அவ 'உது' எண்டவ."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதோ? ஆரைப் பாத்து?"

"என்னைப் பாத்து" என்றேன். "நான் அழுதுகொண்டிருந்தனான்."

கத்தரிக்கோலை அவர் மறந்துவிட்டுப் போய்விட்டார். கொப்பி இன்னும் அதே பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. அந்த 'ரி'யை நான் எழுதப்போவதில்லை.