பத்துப் பொங்கல் கார்டுகள்

மோகனூர்
5-2-1945

சகலை தண்டாயுதபாணிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியமுங்க. அங்க நீங்களும் கந்தம்மாளும் சௌக்கியமா இருக்கோணும். பொங்கலுக்கு வாரோம்னு சொல்லிப்போட்டு வராததுக்கு நல்லம்மா இன்னும் அக்கா கோவத்துலதான் இருக்கறா. தங்கச்சிக்குனு எடுத்து வெச்ச முறுக்கை நானே தின்னு தீர்த்தேன்.

விஷயத்துக்கு வாரேன். மாமனார் தன் ரெண்டு பொண்ணுக பேர்லயும் பொதுவுல எழுதி வெச்ச வாய்க்காலோரத்து நாலு ஏக்கர் வயலை வித்துப்போடலாம்னு இருக்கறேன். வருசம் பூரா சேத்துல நிக்கறவன் நானு. செலவு போக மிஞ்சறது அறுவது மூட்டை. உங்க ஊட்டுக்கு முப்பது, எங்க ஊட்டுக்கு முப்பது. அதுலயும் சர்க்கார் ஆளு வந்து, அவன் சொல்ற விலைக்கு அளந்து எடுத்துக்கிட்டுப் போறான். நெல்லு என்னுது, விலை அவனுது.

பக்கத்து வயல்கார மாரியப்பன் போன வருசம் கஞ்சமலை மில்லு ஷேர் வாங்கினான். இப்பப் பல்லு வெளக்கறதுக்கே நாற்காலி போட்டு உக்காந்துக்கறானுங்க. ஒரு ஷேருக்கு மில்லு வருசம் நாப்பத்துநாலு ரூவா சம்பாதிக்குதாம். ஷேர் விலை நானூத்தி நாப்பது. பத்தே வருசத்துல போட்ட மொதல் திரும்பீரும். வயலுக்கு எட்டாயிரத்து எண்ணூறு குடுக்க ஆளு நிக்குது. இருவது ஷேர் வரும், ஆளுக்குப் பத்து.

கந்தம்மாள் கையெழுத்து இல்லாம நடக்காது. நீங்க நூல் கடையில கணக்கு எழுதறவரு. சரின்னு ஒரு வார்த்தை எழுதுங்க. எனக்கு ராத்திரி பகலா இதே நெனப்பு.

வெள்ளியங்கிரி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
19-2-1945

மதிப்புக்குரிய சகலைக்கு,

இங்கே கந்தம்மாள் நலம். அவள் அனுமதிக்கும் அளவுக்கு நானும் நலம்.

யோசனை கேட்க இந்த ஜில்லாவில் உங்களுக்கு நான்தான் அகப்பட்டேனா? வாழப்பாடியில் சோடாக் கம்பெனி வைத்து, கடைசியில் கோலிக்குண்டுகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்தவன் நான். தெருப் பிள்ளைகள் இன்னமும் என்னிடம் மரியாதையாக இருப்பது அந்தக் கோலிகளுக்காகத்தான்.

ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். எங்கள் முதலாளி சண்முகவேல், மில் தொடங்கிய நாள் முதல் பங்குக்காரர். வருஷா வருஷம் மில் அனுப்பும் அறிக்கைகளைப் பிரிக்காமலே அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் பிரித்தேன். சகலை, மாரியப்பன் பார்த்தது கடைசி வருஷத்தை மட்டும். நாற்பத்துநாலு ரூபாய் என்பது உண்மைதான். ஆனால் முப்பத்தைந்தாம் வருஷம் இதே மில் ஒரு பங்குக்குச் சம்பாதித்தது மூன்றரை ரூபாய். முப்பத்தொன்பதில் நாலு ரூபாய். இப்போது யுத்தம், துணிக்குப் பஞ்சம், நூல் என்று எழுதிய காகிதத்தைக்கூட வாங்கிக்கொள்கிறார்கள். யுத்தம் நாளைக்கு நின்றால்? அமோகமாக விளைந்த ஒரு வருஷத்தைக் காட்டி எவனாவது வயலுக்கு விலை சொன்னால் நீங்கள் வாங்குவீர்களா? தண்ணீர் வராத வருஷத்தையும் கேட்பீர்கள் அல்லவா?

அதனால் பத்து வருஷ லாபத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தேன். பதினாலு ரூபாய்கூட முழுசாக வரவில்லை. அந்தக் கணக்கில் போட்ட முதல் திரும்ப முப்பத்திரண்டு வருஷம். எனக்கே மில்லின்மேல் இரக்கம் வந்துவிட்டது. அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றா? இரண்டிலும் இருப்பது ராஜாவின் தலைதான், ஆனால் வாங்குகிற சாமானில் பாதிகூட இல்லையே! பழைய ரூபாயையும் புது ரூபாயையும் எதில் வைத்துச் சமமாக நிறுப்பது என்று தலையைச் சொறிந்தேன். சொறிய அங்கே அதிகமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் கந்தம்மாளின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தையிலும் எங்கள் பங்குப் பணத்தோடு நீங்கள் ஒரு கார்டு போடுவீர்களே: "சௌக்கியம். நெல் மூட்டை இன்ன விலை. வெள்ளியங்கிரி." அதற்கு மேல் ஒரு எழுத்துக் கிடையாது. கந்தம்மாள் பத்தையும் நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். என் கடிதங்களை அவள் எதில் சுற்றுகிறாள் என்று எழுத விரும்பவில்லை.

அந்தந்த வருஷ லாபத்தை உங்கள் அந்தந்தக் கார்டு விலையால் வகுத்தேன். முப்பத்தைந்தில் மூன்றரை ரூபாய் லாபம், மூட்டை மூன்றரை ரூபாய், ஆக ஒரு மூட்டை. போன வருஷம் நாற்பத்துநாலு ரூபாய், மூட்டை பதினொன்று, ஆக நாலு மூட்டை. இப்படிப் பத்து வருஷமும் கூட்டினால் இருபது மூட்டை. சராசரி வருஷத்துக்கு இரண்டு. பங்கின் விலையோ இன்றைக்கு நாற்பது மூட்டை. முதல் திரும்ப இருபது வருஷம், பத்து இல்லை.

இன்னும் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது பங்கும் சேர்ந்து சராசரியாகச் சம்பாதிப்பது நாற்பது மூட்டை. அதிலும் நம் கைக்கு வருவது பாதி, மீதியை மில்லே வைத்துக்கொள்ளும். வயல் தருவது அறுபது. அறுபதை விற்று நாற்பதை வாங்குவானேன்? வருஷவாரியாக எழுதிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கந்தம்மாள் கையெழுத்துப் போடமாட்டாள். நானும் போடச் சொல்லமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் பதில் போடுங்கள்.

உங்கள் சகலை,
கோலிக்குண்டு தண்டாயுதபாணி


மோகனூர்
3-3-1945

சகலைக்கு,

உங்க கணக்கு வந்துதுங்க. நல்லம்மா விஷக்காய்ச்சல்ல கெடந்தப்ப நாப்பது நாளு சேலத்து ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க படுத்துக் கெடந்தீங்க. அதை நான் மறக்கலை. அதனாலதான் வாயைக் கட்டிக்கிட்டு எழுதறேன்.

நெழல்ல உக்காந்து பேனா புடிக்கறவருக்கு அறுவது மூட்டை சுலுவாத்தான் தெரியும். என் கார்டை வெச்சே என் வாயை அடைச்சுப்போட்டீங்க. சரி. இனிமே பணம் வரும், விலை எழுத மாட்டேன். அப்பறம் எதால வகுக்கறீங்கன்னு பாக்கறேன்.

வெள்ளியங்கிரி


சேலம்
22-1-1946

கோபம் தீராத சகலைக்கு,

பணம் வந்து சேர்ந்தது. கார்டும் வந்தது. "சௌக்கியம். வெள்ளியங்கிரி." நடுவில் ஒரு வரி இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. கந்தம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமனுக்கு ஒடம்பு சரியில்லையோ?" என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

யுத்தம் நின்றுவிட்டது. நான் சொன்னபடி பங்கு விழவேண்டும். விழவில்லை. அறுநூறு. எங்கள் கடைக்கு எதிரே புரோக்கர் தீர்த்தகிரி, கோயமுத்தூரிலிருந்து தந்தி வந்ததும் பலகையில் சாக்பீஸால் விலை எழுதிப் போடுகிறான். காலையில் காப்பி குடிக்கிறேனோ இல்லையோ, பலகையைப் பார்த்துவிடுகிறேன். அவன் என்னைக் கண்டதும், "வாங்க சராசரி!" என்கிறான். பேட்டையில் இப்போது எனக்கு அதுதான் பெயர். கோலிக்குண்டே தேவலை.

இந்த வருஷ லாபம் நாற்பத்தெட்டு ரூபாய் என்று அறிக்கை சொல்கிறது. அது எத்தனை மூட்டை? எனக்குத் தெரியாது. இங்கே ரேஷன் கடையில் ஒரு விலை, கொல்லைப்புறத்தில் ஒரு விலை. நம் வயலில் என்ன விலைக்குப் போயிற்று என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வரி எழுதுங்கள், சகலை. கார்டு தரித்திரம் என்றால் கார்டும் நானே வாங்கி அனுப்புகிறேன்.

தண்டாயுதபாணி


சேலம்
14-8-1946

அன்புள்ள சகலைக்கு,

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. இது மூன்றாவது.

எழுநூற்று நாற்பது. நேற்றுப் பலகையில் என் கண்ணால் பார்த்தேன். சாயப்பட்டறைக்காரர்கள், ஜவுளிக்காரர்கள், எங்கள் தெரு நாவிதர்வரை எல்லாரும் மில் பங்குக்காரர்கள். பாதி மோவாயைச் சிரைத்துவிட்டு அவர் பலகை பார்க்கப் போய்விடுகிறார். மீதி மோவாயோடு நானும் போகிறேன்.

சகலை, நான் சொன்னது தப்பாக இருக்கலாம். நாற்பத்தைந்தில் உங்களைத் தடுக்காமல் இருந்திருந்தால் இன்று இரு வீட்டிலும் நாற்காலி இருந்திருக்கும். நான் தடுத்த பாவம் எனக்கு வேண்டாம். கந்தம்மாள் மூன்று நாள் மாட்டேன் என்றுவிட்டு நாலாம் நாள் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். அவள் பாதியையும் நீங்களே விற்கலாம் என்கிற அதிகாரப் பத்திரத்தை இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். விற்பதும் வாங்குவதும் இனி உங்கள் இஷ்டம்.

சீக்கிரம் முடிவு செய்யுங்கள். நாளைக்கு எண்ணூறு என்கிறான் தீர்த்தகிரி.

தண்டாயுதபாணி


சேலம்
9-3-1947

சகலைக்கு,

இந்தப் பொங்கலுக்குப் பணமும் வரவில்லை, கார்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வயல் இருந்தால் அல்லவா நெல், நெல் இருந்தால் அல்லவா கார்டு?

பலகையில் இன்று முன்னூற்றுப் பத்து. லாபமும் முப்பத்திரண்டரைக்கு இறங்கிவிட்டது. தீர்த்தகிரி இப்போதெல்லாம் விலையைச் சின்ன எழுத்தில் எழுதுகிறான்.

ஒரு விஷயத்தை ஏழு மாதமாக உங்களிடம் சொல்லவில்லை. அந்தப் பத்திரத்தை அனுப்புவதற்குப் பத்து நாள் முன்னால், எழுநூற்றுச் சொச்சம் விலையில் நான் மூன்று பங்கு வாங்கிவிட்டேன். கையிருப்பும் போயிற்று, மாமனார் கந்தம்மாளுக்குப் போட்ட காசுமாலையும் போயிற்று. உங்களுக்கு இருபது வருஷக் கணக்கு சொன்னவன், எனக்கு என்று வரும்போது கடைசி வருஷ நாற்பத்தெட்டை மட்டும் பார்த்தேன். நீங்கள் விலை எழுதாததால் வகுக்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வகுத்தால் என்ன வரும் என்று தெரிந்துதான் வகுக்கவில்லை.

வாங்கிய பிறகு பயம் வந்தது. தனியாகப் பயப்படத் தெரியாதவன் நான். பக்கத்தில் நீங்களும் நின்றால் தைரியமாக இருக்கும் என்றுதான் அந்தப் பத்திரத்தை அனுப்பினேன். உங்கள் நன்மைக்காக என்று எழுதியதில் ஒரு சொல்லும் நிஜமில்லை. இரண்டு பெண்களுக்கும் அப்பன் வீட்டுச் சொத்து என்று இருந்தது அந்த நாலு ஏக்கர்தான். அதைப் பறிகொடுக்க வைத்தவன் நான். கந்தம்மாள் கார்டுக் கட்டை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

வேடிக்கையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நீங்கள் பதில் போடவேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

தண்டாயுதபாணி


மோகனூர்
17-3-1947

சகலை தண்டாயுதபாணிக்கு,

உங்க லெட்டர் வந்துதுங்க. நல்லம்மாளுக்குப் படிச்சுக் காட்டினேன். உங்க வேடிக்கை இல்லாம இதுதான் மொதல் லெட்டருன்னா.

ஆடி கழிஞ்சு நீங்க அனுப்பின பத்திரத்தை எடுத்துக்கிட்டு நாமக்கல் போறதுக்கு வண்டி பூட்டீட்டேன். மெய்தான். வயலுக்கு ஒம்பதாயிரத்து அறுநூத்திச் சொச்சம் பேசி முடிச்சாச்சு. நல்லம்மா வண்டி முன்னால வந்து நின்னுக்கிட்டு, "அந்தச் சீட்டைக் குடுங்க" அப்பிடின்னா. எந்தச் சீட்டுன்னேன். "தங்கச்சி ஊட்டுக்காரரு முந்தி அனுப்பினது." அவளுக்கு எழுத்து தெரியாது. நான் படிக்கப் படிக்க மூட்டைக்கு ஒண்ணுன்னு புளியங்கொட்டையை வெச்சா. முப்பத்தஞ்சை எடுத்துப்போட்டு நாப்பத்தஞ்சைச் சேத்தோம். நாப்பத்தெட்டு ரூவான்னு நீங்களே எழுதியிருந்தீங்க, விலை எனக்குத் தெரியும். சராசரி ரெண்டே காலுக்குக் கொஞ்சம் மேல. எழுநூத்தி நாப்பதுன்னா பதிமூணு ஷேர்தான் வருது. எல்லாம் சேந்து முப்பது மூட்டை, வயலு தாரதுல பாதி. நல்லம்மா கொட்டையை அள்ளி என் மடியில போட்டுப்போட்டு உள்ள போயிட்டா. நான் மாட்டை அவுத்தேன்.

பத்திரம் அரிசிப் பானைக்குள்ள இருக்குது. வயலு இருந்த எடத்துல இருக்குது. பொங்கலுக்குப் பணம் வராததுக்குக் காரணம் வேறீங்க. வாய்க்கா தண்ணி பிந்தி நடவும் பிந்திப்போச்சு, இப்பத்தான் அறுத்தோம். பணம் மணியார்டர்ல வருது. எழுதாம இருந்தது என் வீம்புதான். உங்க கணக்குலயே நெலத்தைக் காப்பாத்திக்கிட்டு, அதை உங்ககிட்ட ஒத்துக்க எனக்கு வாய் வரலை.

அந்த மூணு ஷேரை இப்ப விக்காதீங்க. ராத்திரி மறுபடி கொட்டை வெச்சோம். முன்னூத்திப் பத்துன்னா இருவத்துநாலு மூட்டை, சராசரி ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி. பத்து வருசந்தான் வருது. மாரியப்பன் அன்னிக்குச் சொன்ன பத்து இதுதான், ரெண்டு வருசம் முன்னாடியே சொல்லிப்போட்டான். ஊரே ஓடறப்ப நீங்களும் ஓடோணும்னு இல்லை.

கொட்டை மிச்சம் இருந்துச்சு. நல்லம்மா உங்களுக்கும் பத்து வருசம் போட்டுப் பாத்துப்போட்டா. சோடாக் கம்பெனி வருசத்துக்கு ஒண்ணும் வெக்கலை. காசுமாலை வருசத்துக்கு வெச்சதுலயிருந்து நாலு எடுத்தா. ஆஸ்பத்திரி வருசத்துக்கு ரெண்டு கையாலயும் அள்ளி வெச்சா. சராசரி என்னன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கறா. மாமனார் அவளுக்குப் போட்ட காசுமாலையைத் துணில முடிஞ்சு வெச்சிருக்கறா. ஒரு வருசம் அக்கா, ஒரு வருசம் தங்கச்சின்னு போட்டுக்கலாமாம். சித்திரைக்குக் கந்தம்மாளைக் கூட்டிக்கிட்டு வாங்க. இந்தத் தடவை முறுக்கை நான் தொட மாட்டேன்.

சௌக்கியம். போன வருசம் நெல் மூட்டை பன்னண்டு ரூவா. இந்த வருசம் பதிமூணு.

வெள்ளியங்கிரி